மொராக்கோ வெற்றி பெற துஆ கேட்கலாமா?



“ஹஜ்ரத், மொராக்கோ ஜெயிக்கணும்னு துஆ கேட்கலாமா?”

2022 டிசம்பரில் மதரஸா மாணவர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்ட கேள்வி இது. ஒளுவின் ஃபர்ளுகளைப் பற்றிக்கூட அவர்கள் இத்தனை ஆர்வத்தோடு கேட்டதில்லை. சிரித்துவிட்டுக் கடந்திருக்கலாம். ஆனால் அக்கேள்விக்குள் வேறொரு கேள்வியும் இருந்தது. நம்மவர் என்று நாம் யாரைச் சொல்கிறோம், நம்மவர் என்பதற்காக எதுவரை அவரோடு நிற்கலாம் என்பதே அது.

அரபு நாடொன்றில் நடைபெற்ற முதல் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி அது. நவம்பர் 20 அன்று கத்தாரின் அல்பைத் அரங்கில் நடந்த தொடக்க விழாவில், முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதி வளராத நிலையில் பிறந்த கானிம் அல்முஃப்தாஹ் என்னும் இளைஞர் ஸூரத்துல் ஹுஜுராத்தின் 13-ஆம் வசனத்தை ஓதினார். ஓர் ஆணிலிருந்தும் ஒரு பெண்ணிலிருந்தும் படைக்கப்பட்ட மனிதர்கள், ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டிருக்கிறார்கள் என்று கூறும் வசனம் அது. 32 நாடுகள் தத்தம் கொடிகளுடன் மோதவிருந்த இடத்தில் இதைவிடப் பொருத்தமான வசனம் வேறில்லை என்பது நம் எண்ணம்.

மொராக்கோவின் பயணத்தை அறியாத வீடு நம் சமுதாயத்தில் அப்போது இருந்திருக்காது. குரோஷியாவுடன் கோலின்றிச் சமன், பெல்ஜியத்தை 2-0, கனடாவை 2-1. அடுத்து ஸ்பெயின். 120 நிமிடங்கள் ஆடியும் கோல் விழவில்லை. பெனால்டியில் கோல்காப்பாளர் யாஸீன் பூனூ இரண்டைத் தடுத்தார். ஒன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கடைசி உதையை உதைக்க வந்தவர் ஸ்பெயினின் தலைநகரான மாட்ரிடிலேயே பிறந்த அஷ்ரஃப் ஹகீமி. எதிரணிக் கோல்காப்பாளர் ஒரு பக்கம் பாய்ந்துவிட, இவர் பந்தை நடுவே மெல்லத் தட்டிவிட்டார். டிசம்பர் 10 அன்று யூஸுஃப் அந்நஸீரி தலையால் முட்டிய ஒரே கோலில் போர்ச்சுகலும் வெளியேறியது. ஆப்பிரிக்க நாடுகளிலும் சரி, அரபு நாடுகளிலும் சரி, அரையிறுதியை எட்டிய முதல் அணி அதுதான். அந்த ஆட்டம் நடந்த அல்துமாமா அரங்கம், அரபு ஆண்களும் சிறுவர்களும் அணியும் தொப்பியின் வடிவில் கட்டப்பட்டது. வானிலிருந்து எடுத்த அதன் படத்தைப் பார்த்த ஒரு சிறுவன், “நம்ம தொப்பி மாதிரியே இருக்கு ஹஜ்ரத்” என்று தன் தலையைத் தொட்டுக் காட்டினான்.

வெற்றி பெற்றவர்கள் புல்தரையில் ஸஜ்தாவில் விழுந்த காட்சி கைப்பேசிதோறும் பரவியது. மகிழ்ச்சியான செய்தி வந்தால் நபி (ஸல்) அவர்கள் ஸஜ்தாவில் விழுவார்கள் என்று ஹதீஸ் உண்டு. தம் தவ்பா ஏற்கப்பட்ட செய்தி எட்டியதும் கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் ஸஜ்தா செய்ததையும் நாம் பாடமாக நடத்துகிறோம். மாணவர்கள் அதோடு விடவில்லை. அவர்களுக்கு ஒளு இருந்திருக்குமா? கிப்லாவையா முன்னோக்கினார்கள்? அவ்ரத் முழுவதும் மறைந்திருந்ததா? ஷாஃபிஈ மத்ஹபில் ஷுக்ருடைய ஸஜ்தாவுக்கும் இந்த நிபந்தனைகள் உண்டுதான். பிள்ளைகளுக்குப் பாடம் நினைவில் நிற்பது குறித்து நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்தச் சட்டங்கள் நம்முடைய வணக்கத்தைச் சரிபார்த்துக்கொள்ளவே கற்றுத்தரப்பட்டன. தோஹாவில் ஒருவன் செய்த ஸஜ்தா ஏற்கப்பட்டதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் வேலையை யாரும் நம்மிடம் தரவில்லை என்று சொல்லி நிறுத்திக்கொண்டோம்.

நம் மனத்தை அதிகம் தொட்டவர்கள் அந்த அணியினரின் தாய்மார்கள். போர்ச்சுகலை வென்றபின் ஸுஃப்யான் பூஃபால் தம் உம்மாவை மைதானத்துக்கு அழைத்து வந்து கைகோத்து ஆடினார். ஹகீமியின் உம்மா வீடுகளைச் சுத்தம் செய்து பிழைத்தவர். வாப்பா தெருவில் பொருள் விற்றவர். 26 பேர் கொண்ட அணியில் 14 பேர் மொராக்கோவுக்கு வெளியே பிறந்தவர்கள். வேலை தேடிக் கடல் கடந்த பெற்றோருக்கு அந்நிய மண்ணில் பிறந்த பிள்ளைகள். சபுராளிகளின் வீடுகளில் வளர்ந்த நமக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே துஆ கேட்கலாமா என்ற கேள்விக்கு, ஆகுமான ஒன்றைக் கேட்பதில் தடையில்லை என்றே பதில் சொன்னோம். கூடவே அஸபிய்யத் என்னும் இனவெறியைப் பற்றியும் பேச வேண்டியிருந்தது. ஒருவர் தம் சமூகத்தாரை நேசிப்பது அஸபிய்யத் ஆகுமா என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டது. ஆகாது, தம் சமூகத்தார் செய்யும் அநியாயத்துக்குத் துணைபோவதே அஸபிய்யத் என்று விளக்கம் தந்தார்கள். பெல்ஜியத்தை மொராக்கோ வென்ற நாளில் பிரஸ்ஸல்ஸ் தெருக்களில் சில இளைஞர்கள் வாகனங்களுக்குத் தீ வைத்தார்கள். அது மொராக்கோவின் மீது கொண்ட நேசம் அன்று.

இதைவிடக் கடினமான பகுதி கத்தாரைப் பற்றியது. அரங்குகளில் மது விற்பனை இல்லை என்று அறிவித்ததையும், பாங்கோசை கேட்க ஆட்டங்கள் நடந்ததையும் நாம் பெருமையோடு பகிர்ந்தோம். அந்த அரங்குகளை எழுப்பியவர்கள் நேபாளம், வங்கதேசம், இந்தியா போன்ற நாடுகளிலிருந்து சென்ற தொழிலாளர்கள். 2010-இல் போட்டியை நடத்தும் உரிமை கத்தாருக்குக் கிடைத்ததிலிருந்து, தெற்காசியாவின் 5 நாடுகளைச் சேர்ந்த 6,500-க்கும் மேற்பட்டோர் அங்கே இறந்திருப்பதாக 2021 பிப்ரவரியில் ‘கார்டியன்’ பத்திரிகை எழுதியது. அவர்கள் அனைவரும் அரங்கக் கட்டுமானத்தில் இறந்தவர்கள் அல்லர்; எல்லா வகை மரணங்களும் அதில் அடங்கும். மேற்கத்தியப் பத்திரிகைகளுக்கு நம்மீது உள்ள காழ்ப்பு என்று சொல்லி இதை ஒதுக்கியவர்கள் நம்மில் உண்டு. காழ்ப்பு இருக்கலாம்; அதற்காகக் கடும் வெயிலில் உழைத்தவனின் கூலி பாக்கியும், திருப்பித் தரப்படாத பாஸ்போர்ட்டும் இல்லாத ஒன்றாகிவிடுமா? வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் அல்லவா இதை முதலில் கேட்டிருக்க வேண்டும்? எத்தனையோ நம் வீடுகளின் அடுப்பு எரிவது வளைகுடா ஊதியத்தில்தான். அதனாலேயே இதைப் பேசக் கூச்சம். கத்தார் தன் தொழிலாளர் சட்டங்களை மாற்றியதும், வேலை மாறுவதற்கு முதலாளியின் அனுமதி தேவையில்லை என்று 2020-இல் அறிவித்ததும் கேள்விகள் எழுந்த பிறகு நடந்தவையே.

டிசம்பர் 14 அன்று நடந்த அரையிறுதி நமக்கு நள்ளிரவு 12:30 மணி. 5-ஆம் நிமிடத்திலேயே பிரான்ஸ் ஒரு கோல் போட்டது. 79-ஆம் நிமிடத்தில் மற்றொன்று. தோற்ற பின்னும் மொராக்கோ வீரர்கள் தம் ரசிகர்கள் முன்னே ஸஜ்தாவில் விழுந்தார்கள். மறுநாள் மதரஸாவில் முகங்கள் வாடிக் கிடந்தன. நபி (ஸல்) அவர்களின் அல்அழ்பா என்ற ஒட்டகத்தின் வரலாற்றை அன்று சொன்னோம். பந்தயத்தில் எதுவும் முந்த முடியாத ஒட்டகம் அது. ஒருநாள் கிராமத்து அரபி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். ஸஹாபாக்களுக்கு அது மிகவும் வருத்தமாக இருந்தது. உலகில் உயரும் எதையும் தாழ்த்தாமல் விடுவதில்லை என்பது அல்லாஹ்வின் நியதி என நபி (ஸல்) அவர்கள் அவர்களுக்கு உணர்த்தினார்கள். ஸஹாபாக்களுக்கே ஓர் ஒட்டகம் தோற்றதில் வருத்தம் வந்திருக்கிறது என்று கேட்டதும், பிள்ளைகளுக்குப் பாதித் துக்கம் போய்விட்டது.

அந்த அணியின் பதினொருவர் பெயரையும் வரிசையாகச் சொன்ன மாணவர்களுக்கு, நம் மண்ணுக்கு வந்த ஒரு மொராக்கோக்காரரைத் தெரியவில்லை. 1304-இல் தான்ஜியரில் பிறந்த இப்னு பதூதா அவர். இலங்கையிலிருந்து மஅபர் கரைக்கு வந்து, மதுரை சுல்தான் கியாஸுத்தீனின் விருந்தினராகத் தங்கினார். இருவரும் சகலைகள், உடன்பிறந்த பெண்களை மணந்தவர்கள். முஸ்லிம் அரசர், உறவினர், உபசரித்தவர். ஆயினும் போரில் பிடிபட்டவர்களின் மனைவி மக்களையும் அந்த சுல்தான் கொல்லச் செய்ததைக் கண்ட இப்னு பதூதா, வேறெந்த அரசரிடமும் தாம் காணாத இழிசெயல் என்று தம் பயண நூலில் கண்டித்தே எழுதியிருக்கிறார். அஸபிய்யத் பற்றிய ஹதீஸுக்கு நாம் மதரஸாவில் எடுத்துக்காட்டாகச் சொல்வது இதைத்தான்.

2030 உலகக் கோப்பையை ஸ்பெயின், போர்ச்சுகல் ஆகியவற்றுடன் சேர்ந்து மொராக்கோ நடத்தவிருக்கிறது. கத்தாரில் அது வீழ்த்திய அதே இரு நாடுகள்! காசாபிளாங்காவுக்கு அருகே 1,15,000 பேர் அமரும் அரங்கம் ஒன்றைக் கட்டத் திட்டமிட்டிருக்கிறார்கள். தான்ஜியரில் ஏற்கெனவே உள்ள அரங்கமும் போட்டிக்கான பட்டியலில் இருக்கிறது. அந்த அரங்கத்தின் பெயர் இப்னு பதூதா அரங்கம்.