சிலந்தியும் கூழாங்கல்லும்

ஒரு நாட்டின் வரலாற்றைச் சிறுவர்க்காக எழுதப் புகுவோர், நடந்ததை நடந்தவாறு சொல்லும் கடமையையும், கேட்கும் பிள்ளை பாதியில் எழுந்து போகாதவாறு சொல்ல வேண்டிய தேவையையும் ஒருங்கே சுமக்கின்றனர். இவ்விரண்டும் மோதும்போது பெரும்பாலும் கதையே வெல்கிறது. வால்டர் ஸ்காட் தம் மகள் வயிற்றுப் பேரனுக்கென 1820களின் இறுதியில் எழுதத் தொடங்கிய ஸ்காட்லாந்து வரலாறான ‘ஒரு தாத்தாவின் கதைகள்’ இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. தோற்று மறைந்திருந்த மன்னர் ராபர்ட் புரூஸ், பலமுறை தவறியும் முயற்சியைக் கைவிடாமல் இறுதியில் தன் இழையைப் பொருத்திவிட்ட சிலந்தியைக் கண்டு துணிவு பெற்றார் என்னும் கதை அந்நூல் வழியாகவே பெரும்புகழ் எய்தியது. புரூஸ் இறந்தது 1329இல். அவர் காலத்து ஆவணம் எதிலும் அந்தச் சிலந்தி இல்லை. இது புரூஸ் குடும்பங்களில் வழங்கிவரும் செவிவழிச் செய்தி மட்டுமே என்று ஸ்காட்டே அவ்விடத்தில் குறித்திருக்கிறார். பின்வந்தோர் அந்தக் குறிப்பை உதிர்த்துவிட்டுச் சிலந்தியை மட்டும் வைத்துக்கொண்டனர்.

ஹென்ரீட்டா எலிசபெத் மார்ஷல் 1905இல் வெளியிட்ட ‘நம் தீவின் கதை’ என்னும் இங்கிலாந்து வரலாறு, கடற்கடவுள் நெப்டியூன் தன் மகன் ஆல்பியனுக்குத் தீவைத் தந்ததிலிருந்து தொடங்குகிறது. தம் நூல் வரலாற்றுப் பாடம் அன்று, கதைப்புத்தகமே என்று அவர் முன்னுரையில் ஒளிவின்றிச் சொல்வது போற்றத்தக்கது. ஆயினும் முன்னுரையைப் படிப்போர் பெற்றோரே அன்றிப் பிள்ளைகள் அல்லர். உள்ளேயோ தொன்மமும், அதாவது கடவுளரையும் ஆதி வீரரையும் பற்றி வழிவழியாக வரும் கதையும், சான்றுள்ள ஆட்சி வரலாறும் ஒரே குரலில் பேசுகின்றன.

1928ஆம் ஆண்டுக் கோடையில், முசூரியில் இருந்த பத்து வயது மகள் இந்திராவுக்கு ஜவஹர்லால் நேரு எழுதிய கடிதங்கள் வேறு வழியைக் காட்டுகின்றன. அவை ஒரு நாட்டின் வரலாறு அல்ல, உலகத் தோற்றத்தைப் பற்றியவை. எனினும் வழவழப்பான ஒரு கூழாங்கல்லைக் காட்டி, பாறையிலிருந்து உடைந்து ஆற்றில் உருண்டதால் அதன் முனைகள் தேய்ந்த வரலாற்றை அக்கல்லிலேயே படிக்கலாம் என்று அவர் விளக்கும்போது, செய்தியோடு அச்செய்தி அறியப்பட்ட வழியும் குழந்தையின் கைக்கு வந்துவிடுகிறது.

இம்முறையை இந்திய வரலாற்றுக்குப் பொருத்திக் காட்டப் பேரரசர் அசோகரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. அவர் கல்வெட்டுகளின் பிராமி எழுத்தைப் படிக்கத் தெரிந்தோர் பல நூற்றாண்டுகளாக ஒருவரும் இல்லாதிருந்தனர். 1837இல் ஆங்கிலேய அறிஞர் ஜேம்ஸ் பிரின்செப் அதைப் படித்தபோதும் கிடைத்தது ‘தேவானாம்பிய பியதசி’ என்னும் பட்டப்பெயரே. அவர் அதை முதலில் இலங்கை அரசர் ஒருவருடையதெனக் கருதினார். இலங்கையில் பணியாற்றிய ஜார்ஜ் டர்னர் அங்குள்ள பாலி வரலாற்று நூலைக் கொண்டு பியதசி என்பவர் அசோகரே என்று காட்டினார். இன்றைய கர்நாடகத்தின் மஸ்கியில் 1915இல் கண்டெடுக்கப்பட்ட பாறைக் கல்வெட்டில் அசோகர் என்னும் பெயரே பொறிக்கப்பட்டிருந்தது.

இத்தேடலின் ஒவ்வொரு படியும் சிலந்திக் கதைக்குச் சற்றும் குறையாத ஆவலை எழுப்புவது. அதோடு, முழுவதும் உண்மை. அசோகரின் கலிங்கப் போருக்குப் பல பக்கங்கள் ஒதுக்கும் சிறுவர் நூலாசிரியர்கள், மஸ்கிப் பாறைக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும்.