தந்தி மாமா

2013-ஆம் வருஷம் ஜூலை மாதம் நம் தேசத்தில் தந்தி நின்று போயிற்று. கல்கத்தாவுக்கும் டயமண்டு ஹார்பருக்கும் நடுவே 1850-இல் முதல் கம்பி போட்டார்கள். 163 வருஷம் நடந்த காரியம். ஆளுக்கு ஒரு டெலிபோனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரியும் காலத்தில் தந்தி யாருக்கு வேண்டும்? அதற்காகக் கண்ணீர் விட வேண்டியதில்லைதான். ஆனால் பத்திரிகையில் அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஒரு மனிதரின் ஞாபகம் வந்தது. அவர் காலமாகி வெகு வருஷங்கள் ஆகிவிட்டன.

அவரைத் தந்தி மாமா என்றுதான் கூப்பிடுவோம். இரத்த சம்பந்தம் ஒன்றும் கிடையாது. என் தகப்பனாரும் அவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். என் தாயாரைத் 'தங்கச்சி' என்று அழைப்பார். ஆகையால் எங்களுக்கு மாமாவானார். மாயவரம் தபாலாபீஸில் தந்திக் குமாஸ்தா. மாயவரம் இப்போது மயிலாடுதுறை ஆகிவிட்டது. எனக்கு மட்டும் வாயில் மாயவரம்தான் வருகிறது.

பள்ளிக்கூடம் விட்டதும் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே போய் நிற்பேன். மேஜைமேல் பித்தளை யந்திரம் 'கட்டுக் கட, கட்டுக் கட' என்று அடித்துக்கொண்டிருக்கும். சத்தம் நன்றாகக் கேட்பதற்காக அதன் பின்னால் ஒரு காலி சிகரெட் டப்பாவை முட்டுக் கொடுத்திருப்பார். நமக்கு வெறும் சத்தம். அவர் காதில் விழும்போது அது எழுத்து. வலது கை பாட்டுக்கு எழுதிக்கொண்டே போகும்.

மோர்ஸ் எழுத்துக்களை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவரே. இங்கிலீஷில் அதிகமாக வருகிற எழுத்து 'ஈ'. அதற்கு ஒரே ஒரு புள்ளி. அபூர்வமாக வருகிற 'க்யூ'வுக்கு நாலு தட்டுத் தட்ட வேண்டும்.

"வீட்டிலேயும் அப்படித்தானேடா? தினம் இருக்கிறவனை 'டேய்'னு ஒரு எழுத்திலே முடிச்சுடறோம். என்னைக்கோ வர்ற மாப்பிள்ளைக்கு 'வாங்க, வாங்க'ன்னு நாலு தரம்" என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் திண்ணையில் பாடம் நடக்கும். நாலைந்து வாக்கியத்தில் ஒரு சங்கதி சொல்லுவார். அதைப் பத்து வார்த்தைக்குள் நான் சிலேட்டில் எழுத வேண்டும். தந்தியில் விலாசத்துக்குக்கூட வார்த்தைக் கணக்கில் காசு என்பதை அடிக்கடி ஞாபகப்படுத்துவார். 'மிகவும்', 'ரொம்ப' எல்லாம் முதலில் அழிபடும். ஆனால் குறைத்தால் மட்டும் போதாது. ஒரு தடவை நான் ஆறே வார்த்தையில் முடித்துவிட்டுப் பெருமையோடு நீட்டினேன். "புள்ளை பிறந்ததுன்னு போட்டே. தாய் சௌக்கியமான்னு போடலையே! வாங்கிப் படிக்கிறவன் ரயிலேறி வர்ற வரைக்கும் துடிச்சிட்டே இருப்பான். அந்த ஒரு வார்த்தைக்குக் காசு பாக்கக் கூடாது" என்றார். பின்னாளில் நாவல் எழுதுவதைப் பற்றிப் பெரிய புஸ்தகங்கள் சில படித்தேன். அந்தத் திண்ணையில் கேட்டதற்குமேல் அவற்றில் அதிகமாக ஒன்றும் இல்லை.

இன்னொரு நாள் ஒரு கிராமத்துப் பெரியவர் ஜன்னலண்டை வந்தார். பட்டணத்தில் இருக்கும் மகனுக்கு, 'மதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி' என்று தந்தி கொடுக்க வேண்டுமாம். மாமா பாரத்தைப் பூர்த்தி செய்துகொண்டே, "அம்மாவுக்கு என்ன உடம்பு?" என்று விசாரித்தார்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லீங்க. இப்படிப் போட்டாத்தான் பய வருவான்."

மாமா பேனாவைக் கீழே வைத்தார். "அனுப்பச் சொன்னா அனுப்பறேன், அது என் வேலை. ஆனா நாளைக்கு நிஜமாவே அந்தம்மாவுக்கு முடியாமப் போச்சுன்னா, அப்போ என்ன வார்த்தை போடுவீங்க?"

பெரியவர் சற்று நேரம் யோசித்தார். பிறகு 'அம்மா பார்க்க ஆசைப்படுகிறாள், வா' என்ற பொருளில் எழுதச் சொன்னார். பையன் வந்தானோ இல்லையோ, எனக்குத் தெரியாது.

ஊரில் யாருக்கு வேலை கிடைத்தது, எந்தச் சம்பந்தம் முறிந்தது, யார் கடனில் மூழ்கினார் என்பதெல்லாம் மாயவரத்தில் முதன்முதலில் தெரிந்தவர் அவர்தான். ஆனால் ஒரு சொல்லும் வெளியே வராது. 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டப்படி, செய்தியை வெளியிடும் ஊழியருக்குத் தண்டனை இருந்தது. மாமா சட்டத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டவர் அல்ல. சட்டம் இல்லாவிட்டாலும் அப்படித்தான் இருந்திருப்பார்.

1959-ஆம் வருஷக் கோடையில் என் தகப்பனார் மெட்ராஸில் ஆஸ்பத்திரியில் இருந்தார். துணைக்குப் பெரியப்பா போயிருந்தார். ஒரு நாள் மத்தியானம் மாமா வீட்டுக்கு வந்தார். ஆபீஸ் வேளையில் அவர் வருவதே கிடையாது. "தங்கச்சி, பசிக்குது. எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம், நீயும் உக்காரு" என்றார். எங்களோடு வரிசையாக உட்கார்ந்தார். தம்பிக்கு இரண்டாந்தரம் மோர்சாதம் போடச் சொன்னார். தம் இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். எல்லோரும் கை கழுவின பிறகுதான் என் தாயாரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். தந்திப் பியூன் தெருக்கோடி வேப்பமரத்தடியில் அத்தனை நேரமாகக் காத்துக்கொண்டிருந்தான்.

சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. மெட்ராஸிலிருந்து உடல் வந்து சேர மறுநாளாகும். மூன்று குழந்தைகள் அதுவரை பட்டினி கிடக்கும். தந்தியை ஒவ்வோர் எழுத்தாகக் காதால் கேட்டு எழுதும்போதே, தம் சிநேகிதர் போய்விட்ட செய்தியை எழுதும்போதே, அவர் இதையும் யோசித்திருக்கிறார்.

அந்தத் தந்திக் காகிதத்தை என் தாயார் கடைசிவரை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள். வயதான காலத்தில் ஒரு முறை அதை என்னிடம் காட்டினாள். செய்தி வந்த நேரம் 11-40 என்று மாமாவின் கையெழுத்தில் இருந்தது. "அண்ணன் எங்கிட்ட சொன்னப்போ மணி ஒண்ணுக்கு மேலே. ஆபீஸிலே இதுக்கு என்ன பேச்சு வாங்கினாரோ! நான் கேக்கலை, அவரும் சொல்லலை" என்றாள்.

நான் கதை எழுத ஆரம்பித்தபோது மாமா பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தார். "இனிமேல் சொன்னால் என்ன மாமா? பெயரை மாற்றிவிடுகிறேன்" என்று கெஞ்சினேன். சிரித்தார்.

"நம்ம ஊர் முன்சீப் வேதநாயகம் பிள்ளை 1879-லே பிரதாப முதலியார் சரித்திரம் போட்டாரே, தமிழிலே முதல் நாவல். ஊர் வழக்கெல்லாம் அவர் முன்னாலேதானே வந்தது? ஆனா கதை நடக்கிற ஊருக்குச் சத்தியபுரின்னு பேர் வெச்சார். நீயும் ஒரு சத்தியபுரியைத் தேடிக்கோ. என் மாயவரத்தை விட்டுடு."

அவர் போகும்போது அந்த மாயவரம் முழுவதையும் கூடவே கொண்டுபோய்விட்டார். எழுத்தாளன் என்ற முறையில் எனக்கு அது நஷ்டந்தான். அவரிடம் செய்தி கொடுத்து வாங்கியவர்களுக்கு அப்படியல்ல.

உங்கள் நாவல்களில் துக்கச் செய்தி வருவதற்கு முன்னால் யாராவது சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்களே, அதற்கு உள்ளர்த்தம் உண்டா என்று ஒரு வாசகி கடிதம் எழுதிக் கேட்டிருந்தார். உள்ளர்த்தம் ஒன்றும் இல்லை, அம்மணி. அந்த வீட்டுக் குழந்தைகள் சாப்பிட்டாயிற்றா என்று பார்க்காமல் என் பேனா அடுத்த வரிக்குப் போவதில்லை.