இரவை அளக்கும் பயிர்

ஒளி பயிருக்கு உணவு என்பது பள்ளிப் பாடத்திலேயே மனத்தில் பதிந்துவிடும் செய்தி. இலையிலுள்ள பச்சையம் கதிரொளியைப் பற்றிக்கொண்டு, காற்றின் கரியமில வாயுவையும் வேர் உறிஞ்சிய நீரையும் சேர்த்து மாவுப்பொருள் ஆக்கும் ஒளிச்சேர்க்கையே பாடத்தின் பெரும்பகுதியாக அமைந்துவிடுவதால், வெயில் மிகுந்தால் விளைச்சல் மிகும், நிழல் விழுந்தால் பயிர் நலியும் என்ற அளவிலேயே பலருடைய புரிதலும் நின்றுவிடுகிறது. ஆனால் ஆண்டின் எந்தப் பருவம் நடக்கிறது என்று பயிருக்கு அறிவிப்பதும் ஒளியின் வேலைதான். அந்த அறிவிப்புக்கு முழு வெயில் தேவையில்லை, மங்கலான விளக்கு வெளிச்சமே போதும். பயிர் அந்தச் செய்தியைப் படிக்கும் முறையோ விந்தையானது. அது அளப்பது ஒளியையன்று, இருளை.

இந்த உண்மையை நோக்கிய வழி ஒரு புகையிலைச் செடியில் தொடங்கியது. அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்ற இருவர், மேரிலாந்து மம்மத் எனப்பட்ட இரகம் கோடை வயலில் ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்தும் பூக்காமலே உறைபனியில் மடிவதையும், அதே இரகம் குளிர்காலத்துக் கண்ணாடிக் குடிலில் குட்டையாக இருக்கும்போதே பூத்து விதை தருவதையும் கண்டனர். வெப்பம், ஊட்டம், ஒளியின் செறிவு ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கிய பின், எஞ்சியது பகலின் நீளம் ஒன்றே. 1918ஆம் ஆண்டுக் கோடையில் இருள் நிறைந்த சிறு கொட்டகை ஒன்றை அமைத்து, மாலை நான்கு மணிக்குத் தொட்டிகளை உள்ளே கொண்டுபோய் மறுநாள் காலை வெளியே எடுத்துவைத்தனர். கோடையின் நடுவிலேயே புகையிலை பூத்தது. 1920இல் வெளியான அவர்களுடைய ஆய்வு, பகல் நீளத்துக்குப் பயிர் காட்டும் இந்த எதிர்வினைக்கு ஒளிக்காலத்துவம் என்று இன்று வழங்கும் பெயரைத் தந்ததோடு, பகல் குறையும்போது பூப்பவை குறும்பகல் தாவரங்கள், நீளும்போது பூப்பவை நெடும்பகல் தாவரங்கள், எதையும் பொருட்படுத்தாதவை பகல் சாராத் தாவரங்கள் என்ற பகுப்புக்கும் வழி வகுத்தது. ஆய்வுக் கருவி என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாமல், ஒரு கொட்டகையையும் தூக்கிவைக்கும் பொறுமையையும் மட்டும் கொண்டு செய்யப்பட்ட இந்தச் சோதனைக்கு இணையாகச் சொல்ல வேளாண் அறிவியலில் அதிகம் இல்லை.

பகலின் நீளம் கூடினால் இரவின் நீளம் குறைந்தே தீரும் என்பதால், இரண்டில் எது உண்மையான காரணம் என்ற கேள்வி எஞ்சியிருந்தது. 1938இல் ஹேம்னர், பானர் ஆகியோர் மருளூமத்தைச் செடியில் இதற்கு விடை கண்டனர். இந்தக் குறும்பகல் செடி பூப்பதற்கு ஏறத்தாழ எட்டரை மணி நேரத்துக்குக் குறையாத இருள் இடையறாமல் வேண்டும். பகலின் நடுவே சிறிது நேரம் இருட்டில் வைத்தால் ஒன்றும் நேர்வதில்லை; நீண்ட இரவின் நடுவே சில நிமிடங்கள் விளக்கைக் காட்டினாலோ அந்த இரவின் பயனே அழிந்துபோகிறது. இரவைக் குலைப்பதில் எல்லா நிறங்களையும்விடச் சிவப்பொளியே வலியது என்பது பின்னர்த் தெரியவந்தது. மேரிலாந்தின் பெல்ட்ஸ்வில்லில் போர்த்விக், ஹெண்ட்ரிக்ஸ் முதலியோர் 1952இல் லெட்டியூஸ் கீரையின் விதைகளைக் கொண்டு, 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பொளி முளைப்பைத் தூண்டுவதையும், கண்ணுக்குப் புலப்படும் சிவப்பின் விளிம்பில் நிற்கும் 730 நானோமீட்டர்த் தொலைசிவப்பொளி அதைத் தடுப்பதையும், மாறி மாறிக் காட்டினால் கடைசியாகப் பட்ட ஒளியின் சொல்லே நிலைப்பதையும் காட்டினர். இதிலிருந்து அறியப்பட்டதே பைட்டோகுரோம் என்னும் நிறமி: சிவப்பொளியில் ஒரு வடிவத்துக்கும் தொலைசிவப்பொளியில் மற்றொரு வடிவத்துக்கும் மாறும் புரதம் அது. இந்த நிறமி இருளில் மெல்லப் பழைய வடிவத்துக்குத் திரும்புவதைக் கொண்டே பயிர் இரவை அளக்கிறது என்று சில காலம் கருதப்பட்டது. ஆனால் ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியில் செடிக்குள் ஓடும் உயிர்க்கடிகாரமும் உடன் சேர்ந்தே அளவை நிகழ்கிறது என்பது இன்றைய தெளிவு.

இரவை அளப்பது இலை, பூப்பதோ தண்டின் நுனியிலுள்ள மொட்டு. இடையே தூது செல்லும் பொருள் ஒன்று இருக்க வேண்டும் என்று சோவியத் அறிஞர் சைலக்கியான் 1930களில் கூறி அதற்கு ஃபுளோரிஜன் எனப் பெயரிட்டார்; அது ஒரு சிறு புரதம் என்பது நெல்லிலும் வேறொரு செடியிலும் உறுதியாக எழுபது ஆண்டுகள் ஆயின.

வணிகம் இந்த அறிவை விரைவாகவே பற்றிக்கொண்டது. சாமந்தி குறும்பகல் செடி. ஆகவே இரவில் சில மணி நேரம் மின்விளக்கு எரியவிட்டுப் பூப்பதைத் தள்ளிவைக்கவும், காம்பு போதிய அளவு நீண்டதும் கறுப்புத் துணியால் மூடி மொட்டு வைக்கச் செய்யவும் முடிகிறது. வியட்நாமின் பிந்துவான் பகுதியில் டிராகன் பழத் தோட்டங்கள் குளிர்கால இரவுகளில் வரிசை வரிசையாக விளக்கேற்றி நிற்பதற்குக் காரணம் இதன் மறுபக்கம்: நெடும்பகல் செடியான அது, இரவு துண்டாடப்பட்டால் கோடை என்று கொண்டு பருவமல்லாத காலத்தில் பூக்கிறது. எண்ணாமல் ஏற்றிய விளக்கும் இதே வேலையைச் செய்யும். தெருவிளக்கை ஒட்டிய சோயா வயலின் ஓரத்தில், மற்றப் பகுதி முற்றிய பிறகும் ஒரு துண்டு மட்டும் பச்சையாகவே நிற்பது இதனால்தான்.

கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912இல் அமைந்ததும் இந்த வரலாற்றோடு தொடர்புடையதே. வட இந்தியாவில் அரிதாகவே பூத்து விதை வைக்கும் கரும்பு அங்கே தாராளமாகப் பூக்கிறது என்பதே அந்த இடத்தைத் தேர்ந்ததற்கான காரணம். கார்னரும் அல்லார்டும் எழுதுவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, ஏன் என்று அறியாமலே, பகல் நீளமும் வெப்பமும் பொருந்திய ஓர் அகலாங்கை நிலையத்தார் பயன்படுத்திக்கொண்டனர். பயிர்க் கரும்பையும் காட்டுக் கரும்பினத்தையும் அங்கே கலந்து உருவாக்கிய கோ 205 என்ற இரகம் 1918இல் வட இந்திய வயல்களுக்குப் போனது.

நெல் அடிப்படையில் குறும்பகல் பயிர். கார்னரும் அல்லார்டும் ஆய்வு செய்த வாஷிங்டன் பகுதியில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம் வேறுபாடு உண்டு. தஞ்சாவூரிலோ அது ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரமே. மனிதர் கவனிக்கவும் மாட்டாத இந்தச் சிறு வேறுபாட்டைக் கொண்டே பழைய நீண்டகாலச் சம்பா இரகங்கள் தம் பருவத்தைக் கண்டுகொண்டன. ஆடியில் விதைத்தாலும் ஆவணியில் விதைத்தாலும் கதிர் வருவது ஏறக்குறைய ஒரே காலத்தில்தான். முன்னே விதைத்த பயிர் தழைத்துக் காத்திருக்கும், பின்னே விதைத்தது குறுகிய வயதிலேயே கதிர்விடும். தண்ணீர் பிந்தினாலும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின்னரே தானியம் முற்றும் என்ற காப்பு அதில் இருந்தது. நாள் எண்ணி முற்றும் குறுவை இரகங்களும் அதே உழவர்களிடம் இருந்தன என்பதால், இரண்டின் வேறுபாட்டையும் அவர்கள் பெயரிடாமலே கையாண்டனர் என்று கொள்வதில் தவறில்லை.

1966இல் பிலிப்பைன்சிலிருந்து வந்த ஐஆர் 8, குட்டைத் தண்டுக்காகவே பெரிதும் பேசப்பட்டது. பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத அதன் இயல்புக்கு அந்தப் புகழில் உரிய பங்கு கிடைக்கவில்லை. எந்த மாதத்தில் நட்டாலும் ஏறக்குறைய அதே நாளளவில் முற்றும் பயிர் கிடைத்ததால்தான் பாசனமுள்ள நிலத்தில் ஆண்டுக்கு இரண்டு, மூன்று போகங்கள் பரவலாக இயன்றன. ஆனால் இரவை அளக்காத பயிருக்கு மழைக்காலம் எது என்பதும் தெரியாது. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்தால் குறுவை மழைக்கு முன் களம் சேரும். திறப்பு சில வாரங்கள் தள்ளினால் அறுவடையும் அதே அளவு தள்ளி அடைமழைக்குள் விழும், நெல்லும் கொள்முதல் நிலையத்தின் 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தாண்டியபடியே சாலையோரத்தில் குவியும்.