குரல் உள்ளேதான் இருக்கிறது



வீடு சந்திப்புகளில் சபையார் பலர் என்னிடம் சொல்லும் குறை ஒன்று உண்டு. “ஐயா, அப்பாவின் அடக்க ஆராதனைப் பதிவை மீடியா பிளேயரில் போட்டோம். படம் ஓடுகிறது, சத்தம் வரவில்லை.” பதிவு கெட்டுவிட்டதென்று எண்ணி அதை அழித்துவிட்ட குடும்பங்களும் உண்டு. தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். பெரும்பாலும் அக்குரல் அக்கோப்பினுள்ளே பழுதின்றி இருக்கிறது.

எம்பி4, எம்கேவி, ஏவிஐ என்று கோப்பின் பெயரோடு வருவது வெறும் உறையின் பெயரே. உறைக்குள் படம் ஒரு முறையிலும் ஒலி வேறொரு முறையிலும் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். டிவிடிக்களிலும் பழைய கேம்கோடர்கள் பலவற்றிலும் ஒலி, டால்பியின் ஏசி3 முறையில் பதிவானது. அம்முறைக்கான உரிமம் பெறாத மலிவான பெட்டிகளுக்கு அதை வாசிக்கத் தெரியாது. படத்தின் முறை தெரிந்து ஒலியின் முறை தெரியாத பெட்டி ஊமைப்படத்தைத்தான் காட்டும்.

ஆகையால் முதலில் அதே கோப்பைக் கணினியில் விஎல்சி செயலியில் திறந்து பாருங்கள். பாரிஸ் நகரின் பொறியியல் மாணவர்கள் தொடங்கிய இம்முயற்சி 2001 முதல் கட்டற்ற மென்பொருளாகக் கிடைக்கிறது. காசு கொடுக்க வேண்டியதில்லை. ஏறக்குறைய எல்லா முறைகளையும் அது தானே வாசிக்கும். அதில் குரல் கேட்டால், குறை கோப்பில் இல்லை என்று தெளியலாம்.

அதன்பின் பெட்டியின் ஒலி அமைப்புக்குச் செல்லுங்கள். அங்கே ‘பிட்ஸ்ட்ரீம்’ என்றிருந்தால் ‘பிசிஎம்’ என மாற்றுங்கள். முன்னதில் பெட்டி ஒலியைப் பிரிக்காமல் அப்படியே டிவிக்கு அனுப்பிவிடும். பின்னதில் தானே பிரித்து அனுப்பும். பல வீடுகளில் இதுவே போதுமானது. (கடைக்காரர் புதிய டிவி வாங்கச் சொல்வார். அவசரம் வேண்டாம்.)

அப்பொழுதும் ஒலி வராவிட்டால், கணினி அறிந்த பிள்ளைகளிடம் கொடுங்கள். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவியால், படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் ஏஏசி முறைக்கு மாற்றிப் புதிய பிரதி எடுக்கலாம். படத்தை மறுபடியும் சுருக்காததால் வேலை விரைவில் முடியும், தெளிவும் குறையாது. மூலக் கோப்பு அப்படியே இருக்கட்டும்.

நீண்ட பதிவு பென்டிரைவில் ஏறவில்லையா? எஃப்ஏடி32 அமைப்பில் 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக்கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட் அமைப்புக்கு மாற்றினால் ஏறும். ஆனால் அவ்வாறு ஃபார்மேட் செய்யும்போது பென்டிரைவில் உள்ளவை யாவும் அழிந்துபோகும். முதலில் அவற்றை வேறிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு மாற்றுங்கள். உங்கள் பெட்டி எக்ஸ்ஃபேட்டை வாசிக்கிறதா என்பதையும் முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள்.