கடைசி ஆல்பத்தைச் சுமந்தவருக்கு

அன்புள்ள ஜான் பால் ஜோன்ஸ் அவர்களுக்கு,



நீங்கள் பேஸும் கீபோர்டும் வாசித்த லெட் செப்பெலின் குழுவின் நான்காவது ஆல்பத்தைப் பற்றி ரசிகர்களுக்குள் சண்டை வருவதில்லை. அதன் பெருமையில் எல்லோருக்கும் சம்மதம். ‘ஃபிசிக்கல் கிராஃபிட்டி’யிலும் பெரிய தகராறு கிடையாது. பேச்சு 1979-இல் வந்த ‘இன் த்ரூ தி அவுட் டோர்’ பக்கம் திரும்பியதும் குரல்கள் உயர்ந்துவிடும். “இது செப்பெலினே இல்லை” என்பார் ஒருவர். “ஜிம்மி பேஜின் கிட்டார் எங்கே போயிற்று?” என்பார் அடுத்தவர். மூன்றாமவர் ‘ஆல் மை லவ்’ என்று பாட்டின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, அதற்கு மேல் வாதாட என்ன இருக்கிறது என்பதுபோலப் பார்ப்பார். நாற்பது ஆண்டுகள் தாண்டியும் இந்த வழக்கு தீரவில்லை. நான் பல காலமாக இந்த ஆல்பத்தின் பக்கம் நின்று வாதாடி வருகிறேன்.

எந்தக் கட்சியின் வாதமானாலும் அதில் உங்கள் பெயர் வந்துவிடும். குறை சொல்பவர்கள் உங்கள் சிந்தசைசரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவார்கள். ஆதரித்துப் பேசுபவர்களும் முதலில் உங்களுக்காகத்தான் பேச வேண்டியிருக்கும். இத்தனை பேச்சுக்கு நடுவே நன்றி என்ற சொல் மட்டும் குறைவாகவே காதில் விழுகிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

1977 ஜூலையை நீங்கள் மறந்திருக்க முடியாது. அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் நடுவில் குழுவின் பாடகர் ராபர்ட் பிளாண்டுக்கு அந்தச் செய்தி வந்தது. ஐந்து வயது மகன் காரக், வயிற்றைத் தாக்கிய நோய்த்தொற்றில் இறந்துபோயிருந்தான். மீதமிருந்த கச்சேரிகள் எல்லாம் நின்றுபோயின. பாடுவதையே விட்டுவிடலாமா என்று பிளாண்ட் யோசித்த காலம் அது. டிரம்ஸ் வாசித்த ஜான் பான்ஹம் அவர் கூடவே இருந்து, மெல்ல மெல்ல அவரைத் திரும்ப அழைத்து வந்தார். 1978 மே மாதம் கிளியர்வெல் கோட்டையில் நீங்கள் நால்வரும் மறுபடி ஒன்றாக உட்கார்ந்து வாசித்துப் பார்த்தீர்கள். அந்த ஆண்டின் குளிர்காலத்தில் ஸ்டாக்ஹோமுக்குப் போனீர்கள். அங்கே ‘ஆபா’ குழுவினர் சொந்தமாக நடத்திய போலார் ஸ்டுடியோவில் மூன்று வாரம் பதிவு நடந்தது.

அந்த மூன்று வாரம் எப்படிப் போயிற்று என்பதைப் பின்னாளில் பேட்டிகளில் நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். நீங்களும் பிளாண்டும் நேரத்துக்கு வந்துவிடுவீர்கள். பேஜும் பான்ஹமும் வரத் தாமதமாகும். ஒருவரைப் போதை மருந்தும் மற்றவரைக் குடியும் பிடித்து ஆட்டிய நாட்கள். குழுவுக்கு வழிகாட்டி வந்தவர் எப்போதுமே பேஜ்தான். எல்லா ஆல்பங்களுக்கும் தயாரிப்பாளர் அவர். திசையைத் தீர்மானித்ததும் அவர் கிட்டார்தான். அந்த இடம் திடீரென்று காலியாகக் கிடந்தது. உங்களிடம் புதிதாக வாங்கிய யமஹா ஜிஎக்ஸ்-1 இருந்தது. மூன்று விசைப்பலகைகள், காலால் வாசிக்கும் பெடல் வரிசை என்று அறையை அடைத்துக்கொள்ளும் ராட்சசக் கருவி. எதிரே மகனைப் பறிகொடுத்த ஒரு பாடகர். நீங்கள் வாசிக்கத் தொடங்கினீர்கள்.

இந்த வழக்கில் நான் முதலில் எடுத்து வைக்கும் சாட்சியம் பாடலாக்கியோர் பட்டியல். இதற்கு முந்தைய ஸ்டுடியோ ஆல்பமான ‘பிரசன்ஸ்’ 1976-இல் வந்தது. அதில் ஏழு பாடல்கள். ஒன்றே ஒன்றில்தான் உங்கள் பெயர் இருக்கிறது, அதுவும் மற்ற மூவரின் பெயர்களோடு சேர்ந்து. ஆல்பம் முழுவதிலும் கீபோர்டே கிடையாது. அடுத்ததாக வந்த கடைசி ஆல்பத்திலும் ஏழு பாடல்கள்தான். அவற்றில் ஆறில் உங்கள் பெயர் இருக்கிறது. ‘சவுத் பவுண்ட் சுவாரெஸ்’, ‘ஆல் மை லவ்’ இரண்டும் நீங்களும் பிளாண்டும் மட்டுமே எழுதியவை. பேஜின் பெயர் அவற்றில் இல்லை. இதைக் குறையாக எண்ணுபவர்கள், ஆல்பத்தில் யார் இல்லை என்றே தேடிக்கொண்டிருக்கிறார்கள். அதே பட்டியல் யார் இருந்தார் என்பதையும் சொல்கிறது. நீங்கள் இல்லாமல் போயிருந்தால் 1979-இல் அப்படி ஓர் ஆல்பம் வந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

எதிர்க்கட்சியின் பெரிய ஆயுதம் சிந்தசைசர். ராக் இசைக்கு அது ஆகாதாம், இரும்பாக இருந்த குழுவை அது பஞ்சாக்கிவிட்டதாம். எனக்கு இந்த வாதம் ஏறவே இல்லை. நான் கேட்டு வளர்ந்த எண்பதுகளின் தமிழ்த் திரைப்பாடல்களில் வயலின் கூட்டமும் சிந்தசைசரும் ஒரே பாட்டில் இயல்பாக உட்கார்ந்திருக்கும். எது உயர்ந்த குலம், எது தாழ்ந்த குலம் என்று அங்கே யாரும் கேட்டதில்லை. ஆகவே ‘கரோசலாம்ப்ரா’வின் தொடக்கத்தில் உங்கள் விரல்கள் ஓடவிடும் அந்தத் துள்ளலை முதலில் கேட்டபோது துரோகம் எதுவும் எனக்குத் தட்டுப்படவில்லை. ஒரு பெரிய குழு தன் உடலுக்குள்ளேயே புதிய இரத்தம் தேடுவதாகத்தான் பட்டது. பத்து நிமிடத்துக்கு மேல் நீளும் பாட்டு அது. நடுவில் வேகம் தணிந்து, பேஜின் இரட்டைக் கழுத்துக் கிட்டார் கனத்து இறங்கும் பகுதிக்கு வரும்போது, இந்தக் குழுவால் மட்டுமே கட்டக்கூடிய கட்டடம் இது என்று தெரிந்துவிடும். பிளாண்டின் குரல் ஒலிக்கலவைக்குள் அமுங்கிக் கிடக்கிறது என்பது நியாயமான புகார். அதை ஒப்புக்கொள்கிறேன். குரல் இன்னும் கொஞ்சம் மேலே வந்திருந்தால் இந்தப் பாட்டின் மேல் நடக்கும் சண்டையில் பாதி அடங்கியிருக்கும்.

வேறு சிலதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ‘ஹாட் டாக்’ எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை. அமெரிக்க நாட்டுப்புறத் துள்ளலை விளையாட்டாகச் செய்து பார்த்த பாட்டு அது. இந்த ஆல்பத்தில் உங்கள் பெயர் இல்லாத ஒரே பாட்டும் அதுதான். அதே ஸ்டாக்ஹோம் பதிவில் பிறந்து, 1982-இல் ‘கோடா’ தொகுப்பில்தான் வெளிவந்த ‘வேரிங் அண்ட் டேரிங்’ அந்த இடத்தில் வந்திருக்கலாம் என்று சொல்லும் ரசிகர்களோடு நான் சேர்ந்துகொள்கிறேன். பங்க் இளைஞர்கள் உங்களைப் பழைய டைனோசர்கள் என்று ஏளனம் செய்த காலத்தில், வேகத்தில் அவர்களையே மிஞ்சும் பாட்டு அது. உள்ளே இருந்திருந்தால் ‘மென்மையான ஆல்பம்’ என்ற பட்டமே வந்திருக்காது.

‘கிட்டார் எங்கே?’ என்று கேட்பவர்களுக்கு என் பதில் ‘இன் தி ஈவ்னிங்’. தொடக்கத்தில் தொலைவிலிருந்து இரைந்து வரும் ஒலியைச் சிந்தசைசர் என்றே பலர் நினைக்கிறார்கள். அது பேஜின் கிட்டார். வயலின் வில்லையும் கிஸ்மோட்ரான் என்ற கருவியையும் கொண்டு அவர் எழுப்பிய ஒலி. இந்தப் பதில் போதாதவர்களுக்கு ஆல்பத்தின் கடைசிப் பாட்டான ‘ஐ’ம் கோனா கிரால்’ இருக்கிறது. உங்கள் கீபோர்டு விரிக்கும் தந்திக் கூட்டத்தின் மேல் ஏறி, பேஜ் வாசிக்கும் ப்ளூஸ் தனி வாசிப்பைக் கேட்டபிறகும் அவர் அந்த ஸ்டுடியோவில் இல்லை என்று ஒருவர் சொன்னால், அவரோடு வாதாட எனக்குத் தெரியாது. பிளாண்ட் கதறும் இடத்தில் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது. நீங்கள் பேஜின் இடத்தைப் பறித்துக்கொண்டீர்கள் என்பது வீண்பழி. அவர் வந்து நிற்கும்போது காலடியில் தரை இருக்கும்படி பார்த்துக்கொண்டீர்கள்.

பான்ஹமைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிரம்ஸ் வாசிப்பவர்கள் கூடினால் ‘ஃபூல் இன் தி ரெய்ன்’ பேச்சுக்கு வராமல் இருக்காது. டிரம்ஸ் கலைஞர் பெர்னார்ட் பர்டி வழங்கிய பாதிவேக ஷஃபிள் தாளத்தை வாங்கி, தன் கனத்தை அதன் மேல் ஏற்றி பான்ஹம் வாசித்த நடை அது. டோட்டோ குழுவின் ஜெஃப் போர்காரோ ‘ரோசானா’ பாட்டுக்கான தாளத்தை உருவாக்கியபோது பர்டியையும் இந்தப் பாட்டையும் மனதில் வைத்திருந்ததாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் பியானோவும் பேஸும் அந்தத் தாளத்தோடு சேர்ந்து நடக்கும் நடையில் தளர்ச்சியோ சோகமோ துளியும் இல்லை. நடுவில் விசில் ஊதி, சாம்பா வெடித்து, ஒரு தெருத் திருவிழாவே உள்ளே நுழைகிறது. 1978-இல் அர்ஜென்டினாவில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்துதான் அந்த யோசனையைக் கொடுத்ததாம். நோய், துக்கம், போதை என்று இந்த ஆல்பத்தின் கதையைச் சொல்பவர்கள் இந்தப் பாட்டைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உடைந்துகொண்டிருந்த நால்வர் இவ்வளவு மகிழ்ச்சியாக வாசித்தார்கள் என்பதையும் கதையில் சேர்க்க வேண்டாமா?

இனி ‘ஆல் மை லவ்’. சண்டை மிகச் சூடாக நடப்பது இங்கேதான். எதிர்க்கட்சிக்கு இதில் பேஜே சாட்சி. இந்த ஆல்பம் தனக்கும் பான்ஹமுக்கும் சற்று மென்மையாகப் பட்டது என்றும், இந்தப் பாட்டின் பல்லவி தனக்கு உவப்பாக இல்லை என்றும், அடுத்த ஆல்பத்தைக் கடும் ராக்காகச் செய்ய இருவரும் நினைத்திருந்தார்கள் என்றும் அவர் பின்னாளில் சொன்னார். படைத்தவரே சொன்னபிறகு என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். பேஜின் மேல் எனக்கு இருக்கும் மரியாதையில் எந்தக் குறைவும் இல்லை. ஆனால் இந்தப் பாட்டு அவருடையதன்று. காரக்கை நினைத்து ஒரு தந்தை பாடிய பாட்டு இது. அதற்கு என்ன வகை இசை வேண்டும் என்பது, அந்தத் தந்தையின் பக்கத்தில் அன்று உட்கார்ந்திருந்தவருக்குத் தெரிந்திருந்தது. அவர் நீங்கள்.

நடுவில் வரும் உங்கள் தனி வாசிப்பை, சின்ன வயதில் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்த பையனின் வாசிப்பாகவே நான் கேட்கிறேன். பழைய ஐரோப்பியச் சபை இசையின் ஒழுங்கு அதில் இருக்கிறது. ஒரு சுரம்கூட அழச்சொல்லி வற்புறுத்துவதில்லை. பிள்ளையை இழந்தவரின் முன்னால் உரக்க அழாமல் நேராக உட்கார்ந்திருக்கத் தெரிந்தவரின் மரியாதை அது. இறுதியில் சுருதி ஏறும்போது பிளாண்டின் குரல் கட்டை அவிழ்த்துக்கொண்டு போகிறது. அப்போதும் உங்கள் கீபோர்டு அதைத் துரத்தாமல் கீழே நின்று தாங்குகிறது. இது அன்றைய வானொலிக்காகச் செய்த இனிப்புப் பண்டம் என்று யாராவது சொன்னால் நான் அங்கே குரலை உயர்த்தித்தான் பேசுகிறேன். உயர்த்தவும் வேண்டும்.

ஹிப்னாசிஸ் நிறுவனம் இந்த ஆல்பத்துக்கு ஆறு வேறு வேறு உறைகள் செய்தது. ஒரு மதுக்கடையில் நடக்கும் ஒரே காட்சியை அங்கிருக்கும் வேறு வேறு ஆட்களின் கண்கள் வழியாகக் காட்டும் படங்கள். எல்லாவற்றையும் பழுப்புக் காகிதப் பையில் போட்டு ஒட்டி விற்றார்கள், யாருக்கு எது கிடைக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. அப்படி இருந்தும் ஆல்பம் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது. அந்த அக்டோபரில் உங்கள் ஒன்பது ஆல்பங்களும் ஒரே சமயத்தில் பில்போர்டு பட்டியலில் நின்றன. மக்கள் தீர்ப்பு அன்றே வந்துவிட்டது என்று இதை வைத்து வாதாட எனக்கு விருப்பமில்லை. விற்பனை எண்ணிக்கை ஒரு பாட்டின் தரத்துக்குச் சாட்சி ஆகாது என்பதை எதிர்க்கட்சி நண்பர்களோடு சேர்ந்து நானும் நம்புகிறேன்.

அடுத்த ஆண்டு செப்டம்பர் 25-ஆம் தேதி பான்ஹம் 32 வயதில் போய்விட்டார். டிசம்பரில் குழு முடிந்துவிட்டதாக அறிவித்தீர்கள். இன்னொருவரை அவர் இடத்தில் உட்காரவைத்துச் சம்பாதித்திருக்க முடியும். நீங்கள் மூவரும் அதைச் செய்யவில்லை. அதனால்தான் இது ‘கடைசி ஆல்பம்’ ஆனது. கடைசியாக இருக்கட்டும் என்று யாரும் இதைச் செய்யவில்லை என்பதை ரசிகர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். ஒரு பெருங்குழுவின் மரண வாக்குமூலம்போல இதைக் கேட்கிறார்கள். இது மீண்டு வர முயன்றவர்களின் முதல் அடி. அப்படிக் கேட்டுப் பார்த்தால் அதன் தடுமாற்றங்கள்கூட வேறு மாதிரி ஒலிக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 1994-இல் பேஜும் பிளாண்டும் மறுபடி சேர்ந்தபோது உங்களை அழைக்கவில்லை. அந்த நிகழ்ச்சிக்கும் ஆல்பத்துக்கும் அவர்கள் வைத்த பெயரோ ‘நோ குவார்ட்டர்’, உங்கள் மின்பியானோவால் உயிர்பெற்ற பாட்டின் பெயர். மறு ஆண்டு ராக் அண்ட் ரோல் புகழ்மண்டப மேடையில் ஏறி, கடைசியில் என் தொலைபேசி எண்ணை நினைவு வைத்ததற்கு நன்றி என்ற பொருளில் நண்பர்களிடம் சொன்னீர்கள்.  2007 டிசம்பரில் லண்டன் ஓ2 அரங்கில் மூவரும் பான்ஹமின் மகன் ஜேசனோடு வாசித்தீர்கள். அந்த இரவின் பாடல் வரிசையில் இந்தக் கடைசி ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டுகூட இல்லை. அதைத் தங்கள் வெற்றியாகக் கொண்டாடும் ரசிகர்களை நான் சந்தித்திருக்கிறேன். எனக்கு அது வலித்தது.

ஆர்.இ.எம். குழுவின் ‘ஆட்டோமேட்டிக் ஃபார் தி பீப்பிள்’ ஆல்பத்தில் ‘எவ்ரிபடி ஹர்ட்ஸ்’, ‘நைட்ஸ்விம்மிங்’ பாடல்களுக்கு நீங்கள் அமைத்த தந்தி இசையைக் கேட்கும்போது, அந்த ஸ்டாக்ஹோம் கீபோர்டுக்குப் பின்னால் இருந்த அதே மனிதர்தான் என்று எனக்குப் புரிகிறது. பாடுபவரின் துயரத்தை மறைக்காமல், அதன் மேல் ஏறி மிதிக்காமல் தாங்குவது உங்கள் தொழில். அறுபதுகளில் மற்றவர்களின் பாட்டுகளுக்கு இசைக்கோர்வை எழுதிக்கொடுத்த நாளிலிருந்தே அதைத்தான் செய்திருக்கிறீர்கள். கவனிக்காதவர்களுக்கு நீங்கள் ‘மூலையில் நின்ற பேஸ்காரர்’. கவனித்தவர்கள் ஒருமுறை தெரிந்துகொண்டால் பிறகு எந்தச் செப்பெலின் பாட்டிலும் உங்களைக் கேட்காமல் இருக்க முடியாது.

இந்த ஆல்பத்தை மறுத்துப் பேசும் ரசிகர்களுக்கும் என் நன்றி உண்டு. அவர்கள் ஒவ்வொரு குற்றச்சாட்டாகச் சொல்லச் சொல்லத்தான் நான் ஒவ்வொரு பாட்டையும் திரும்ப எடுத்துப் பிரித்துக் கேட்டேன். அவர்கள் காரணமாகத்தான் ‘கரோசலாம்ப்ரா’வின் அடியில் ஓடும் பேஸ் என் காதுக்கு வந்தது. 2015-இல் முதற்கட்ட ஒலிக்கலவை வடிவங்களோடு மறுபதிப்பு வந்தபோது இரு கட்சியாரும் சேர்ந்தே உட்கார்ந்து கேட்டோம். முடிவில் அவர்களும் மாறவில்லை, நானும் மாறவில்லை.

ஜோன்ஸ் அவர்களே, பதிவுக்கு நேரத்துக்கு வந்து சேர்ந்ததற்கு நன்றி. புதிய கருவியோடு வந்ததற்கு நன்றி. எல்லாவற்றுக்கும் மேலாக, பிளாண்ட் அந்தப் பாட்டைப் பாடுவதற்கு ஓர் இசையை அமைத்துக் கொடுத்ததற்கு நன்றி.

என்றும் மதிப்புடன்,
உங்கள் கட்சியில் நிற்கும் ஒரு ரசிகன்