சாரலுக்கு முன் மாங்காய், சாரலில் எலுமிச்சை

செங்கோட்டைக் கணவாய் வழியே மேல்காற்று இறங்கத் தொடங்கிவிட்டால், தென்காசி மாவட்டத்துக் கீழப்பாவூரில் மொட்டைமாடியில் ஊறுகாய் ஜாடியை வைப்பதில் பயனில்லை. குற்றாலத்தில் அருவி கொட்டும் நாட்களில் இங்கே சாரல் தூவும், சற்று வெயில் அடிக்கும், மறுபடி தூவும். காற்றில் ஈரம் மட்டும் குறையாது. மூடி வைத்த டப்பாவுக்குள்ளேயே உப்பு கசியும், வெல்லம் இளகும். அதனால் இந்தப் பக்கத்தில் இனிப்பு ஊறுகாய் போட நினைப்பவர்கள் வருஷத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. சித்திரை, வைகாசி மாங்காய்க்கு. ஆனி, ஆடி எலுமிச்சைக்கு.

மாங்காயில் எடுக்க வேண்டியது செங்காய். தோல் பச்சையாக இருக்க, உள்ளே வெட்டினால் இளமஞ்சள் தெரிய வேண்டும். முழுக்காயில் புளிப்பு இருக்கும், பழ வாசனை இருக்காது. கனிந்துவிட்டாலோ சதை கரைந்து ஜாம் ஆகிவிடும். நாரில்லாத கிளிமூக்கு இதற்குப் பொருத்தம். துருவல் ஒரு கிலோ என்றால் சர்க்கரையும் ஒரு கிலோ, உப்பு 40 கிராம், சிறிது மஞ்சள். கலந்து வைத்தால் அரை மணி நேரத்தில் நீர் விட்டுக்கொள்ளும். அதைப் பிழிந்து கொட்டுகிறவர்கள் உண்டு, கொட்டவே கூடாது. காயின் புளிப்பும் மணமும் அந்த நீரில்தான் இருக்கின்றன. ஜாடி வாய்க்கு மெல்லிய துணியால் வேடு கட்டி வெயிலில் வைத்து, தினமும் ஒரு முறை உலர்ந்த கரண்டியால் கிளறி, சாயங்காலம் உள்ளே எடுத்துவிட வேண்டும். மே மாத அக்னி நட்சத்திர வெயிலில் ஏழெட்டு நாளில் சர்க்கரை பாகாகி, துருவல் கண்ணாடி போல ஒளி ஊடுருவும். மிளகாய்த் தூளும் வறுத்துப் பொடித்த சீரகமும் அதன் பிறகுதான். குஜராத்திகள் ‘சுந்தோ’ என்று போடுவது இதே முறைதான். அடுப்பிலும் இதைப் பதினைந்து நிமிடத்தில் முடிக்கலாம், ஆனால் வெயிலில் வெந்த துருவலின் பழ மணம் அதில் இருக்காது.

இந்த ஊறுகாய் கெடாமல் இருப்பதற்கு இனிப்புச் சுவை காரணமில்லை. பூசணமும் பாக்டீரியாவும் வளரத் தண்ணீர் வேண்டும். உப்பும் சர்க்கரையும் அந்தத் தண்ணீரைத் தம்மிடம் இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. ஆனால் இரண்டின் பலமும் ஒன்றல்ல. நூறு பங்கில் பத்துப் பங்கு உப்பு செய்கிற காரியத்தைச் சர்க்கரை செய்வதற்கு ஏறக்குறைய ஐம்பது பங்கு தேவை. பாகை எவ்வளவு கெட்டியாக்கினாலும், நம் வீட்டு வெப்பத்தில் நூற்றில் 67 பங்குக்கு மேல் சர்க்கரை கரைந்து நிற்காது. மிஞ்சியது அடியில் படிகமாகிவிடும். அந்த எல்லையில்கூடச் சில பூசணங்கள் வளரும். ஆகவே சர்க்கரையைத் தனியாக நம்ப முடியாது. கூடவே புளிப்பு வேண்டும், கொஞ்சம் உப்பு வேண்டும்.

இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளிலும் இதே கணக்குத்தான். பழச் சட்னி என்று விற்பதற்குக் கரைந்த திடப்பொருள் 50 சதவீதமாவது இருக்க வேண்டும், புளிப்பைக் காட்டும் பி.எச். எண் 4.6-ஐத் தாண்டக் கூடாது (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்). ஜாமுக்கு 65 சதவீதம். உயிருக்கே ஆபத்தான பாட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் கிருமி 4.6-க்குக் கீழே வளர்வதில்லை என்பதால்தான் அந்த எண். வீட்டில் இதை அளக்கக் கருவி தேவையில்லை. நன்றாகக் கனிந்த மாம்பழம், பப்பாளி, வாழைப்பழம் ஆகியவை அந்தக் கோட்டுக்கு அருகிலோ மேலேயோ இருப்பவை, எலுமிச்சைச் சாறு தாராளமாகச் சேராமல் அவற்றை ஜாடியில் போடக் கூடாது என்று நினைவில் வைத்தால் போதும்.

எலுமிச்சைக்கு இந்தக் கவலையே கிடையாது. அதன் சாறு பி.எச். இரண்டுக்குச் சற்று மேலே இருக்கிறது. வெயில் தர வேண்டிய காவலைத் தன் அமிலத்தாலேயே செய்துகொள்கிறது. கோடையில் எட்டாத விலைக்குப் போகிற பழம் மழை தொடங்கியதும் இறங்கிவிடுவது இன்னொரு வசதி. நல்ல எலுமிச்சைக்குத் தென்காசி மாவட்டத்துக்காரர்கள் எங்கும் அலைய வேண்டியதில்லை. வடக்கே புளியங்குடியில் எலுமிச்சைக்கென்றே சந்தை நடக்கிறது. தெற்கே கடையம் இருக்கிறது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 எலுமிச்சை ரகம் கடையம் நாட்டு ரகத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டதுதான்.

தோல் மெல்லியதாக, மஞ்சள் ஏறிய பழமாக ஒரு கிலோ. கழுவித் துடைத்து, இரவு முழுவதும் மின்விசிறிக் காற்றில் உலரவிட வேண்டும். காம்புக் குழியில் நிற்கும் ஒரு துளித் தண்ணீர் போதும், ஒரு ஜாடியைக் கெடுக்க. எட்டுத் துண்டாக நறுக்கி, 150 கிராம் கல்லுப்பும் நாலைந்து பழத்தின் சாறும் சேர்த்துப் பீங்கான் ஜாடியில் போட்டு, தினமும் குலுக்கிவிட வேண்டும். இரண்டு வாரத்துக்குக் குறையாமல் பொறுக்க வேண்டும். இந்த இடத்தில்தான் அவசரம் வேலையைக் கெடுக்கிறது. தோல் மெத்தென்று ஆவதற்கு முன் சர்க்கரையைப் போட்டுவிட்டால், பாகு தோலிலிருந்து நீரை இழுத்து அதை வார் மாதிரி இறுக்கிவிடும். பிறகு எத்தனை மாதம் ஊறினாலும் இளகாது, கசப்பும் உள்ளேயே தங்கிவிடும். தோல் நகத்தில் நசுங்கும் பதம் வந்த பின்பு ஒரு கிலோ சர்க்கரை. அதையும் ஒரே நாளில் கொட்டாமல் மூன்று நாளாகப் பிரித்துப் போடுவது உத்தமம். கடைசியில் மிளகாய் வத்தல் பொடி, வறுத்த வெந்தயப் பொடி, தட்டிய சுக்கு. எண்ணெய் வேண்டாம்.

சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போடலாமா? போடலாம். கொஞ்சம் எலுமிச்சைச் சாற்றில் கரைத்து, வடிகட்டி, ஒரு கொதி விட்டு, ஆறிய பின்பு சேர்க்க வேண்டும். மண்ணும் தூசியும் நீங்குவது மட்டுமில்லை, புளிப்போடு கொதித்த இனிப்பு பிறகு படிகமாகப் பூக்காது. கருப்பட்டிக்கு ஒரு குணம் உண்டு. பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் தடவும் சுண்ணாம்பின் மிச்சம் அதில் இருந்து புளிப்பை மழுக்கும். எலுமிச்சையும் சுக்கும் அதைத் தாங்கும். கோயிலில் நரசிம்மருக்குப் பானகம் கரைக்கிற கீழப்பாவூருக்கு அந்தச் சேர்மானம் புதிதல்ல. மாங்காயின் மணத்தையோ கருப்பட்டி அமுக்கிவிடும்.

சீசனில் குற்றாலத்துச் சாலையோரம் குவியும் பழங்களைப் பார்த்ததும் ஜாடி நினைவு வருவது இயல்பு. மங்குஸ்தானையும் ரம்புட்டானையும் அப்படியே உரித்துச் சாப்பிட்டுவிடுவதே அவற்றுக்குச் செய்யும் மரியாதை. புளிப்புக் குறைந்த அந்த மெல்லிய சதை பாகில் சுவையிழந்து போகும். ஸ்டார் ஃப்ரூட்டும் அன்னாசியும் நன்றாக வரும். ஆனால் ஸ்டார் ஃப்ரூட் ஊறுகாயைச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஒரு துண்டுகூடப் பரிமாறக் கூடாது. அந்தப் பழத்தில் உள்ள நஞ்சைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது, மூளை வரை பாதிக்கும். அன்னாசியில் தண்ணீர் அதிகம். துண்டுகளை முதலில் வெறுமனே வேகவைத்து நீரை வற்றவிட்டுத்தான் சர்க்கரை சேர்க்க வேண்டும்.

கணவாயைத் தாண்டினால் கேரளத்தில் பேரீச்சம்பழமும் எலுமிச்சையும் சேர்த்த ஊறுகாய் பிரியாணிக்குத் துணை. இலங்கையில் மலாய் அச்சாறு என்று சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், பேரீச்சை, வினிகர், கடுகு எல்லாம் சேரும். பேரீச்சையின் சொந்த இனிப்பு இருப்பதால் குறைந்த சர்க்கரையே போதும்.

இப்போது பல வீடுகளில் சர்க்கரையைப் பாதியாக்கி, உப்பையும் குறைத்துப் போடுகிறார்கள். உடம்பை நினைத்துச் செய்வது, சரிதான். ஆனால் பாதிச் சர்க்கரை போட்டது பழைய அர்த்தத்தில் ஊறுகாய் இல்லை. அதைச் சிறிய அளவில் செய்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, இரண்டு மூன்று வாரத்தில் தீர்த்துவிட வேண்டும். அளவைக் குறைத்துவிட்டு ஜாடியை அலமாரியில் வைத்தால் மேலே வெள்ளைப் படலம் வரும். அதைக் கரண்டியால் வழித்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவது ஆபத்து, முழுவதையும் கொட்டத்தான் வேண்டும். போடும் நாளிலேயே ஒரு சீட்டில் தேதியையும், கிலோவுக்கு எத்தனை கிராம் உப்பு, எத்தனை கிராம் சர்க்கரை என்பதையும் எழுதி ஜாடியில் ஒட்டிவிடுங்கள்.