இருபுறமும் நீர்

வாடைக்காற்று வலுத்திருந்த கார்த்திகைப் பிற்பகலொன்றில், நண்பனின் மோட்டார் சைக்கிளில் கல்லடிப் பாலத்தைக் கடந்து தெற்கே புறப்பட்டோம். 2013 இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் அருகே, 1924 ஆம் ஆண்டின் இரும்புப் பாலம் மழையில் மங்கித் தெரிந்தது. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என ஊர்கள் நீங்கின. இடப்புறம் கடலின் இரைச்சல். வலப்புறம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவி. இடைப்பட்ட மணற்றிடலே எழுவான்கரை.

நான் கடலை வியந்துகொண்டு வர, நண்பனோ வாவியின் நீர்மட்டத்தையே நோக்கி வந்தான். படுவான்கரையில் அவன் தந்தையாரின் வயல், விதைத்து ஒரு மாதமான பயிருடன் கிடந்தது. முகத்துவாரத்தை மணல்மேடு அடைத்திருக்கும்வரை வெள்ளம் வடியாது. அதை வெட்டிவிடப் பிந்தினால் உழவர் முறையிடுவர். முந்தினால் மீனவர் முறையிடுவர். இரு சாராரின் நியாயமும் நியாயமே. இயற்கை எழிலைப் பாடுவோர் இவ்வழக்கினை ஏனோ பாடுவதில்லை!

பெரியகல்லாற்றுப் பாலத்தில் இறங்கிப் பார்த்தோம். மணல்மேடு இன்னும் உடையவில்லை.

வீட்டில் அவனுடைய அம்மம்மா விளக்கேற்றியிருந்தார். 1978 நவம்பர் 23 ஆம் நாளிரவுச் சூறாவளியில் கூரையையும் தென்னைகளையும் இழந்தவர்; 2004 இல் கடலுக்குத் தப்பியவர். எங்கள் ஈர உடையை அவர் நோக்கவேயில்லை.

“காத்து எந்தப் பக்கம் மனே?” என்றார்.

“வாடைதான் அம்மம்மா.”

“வாவி?”

நண்பன் விடையிறுக்கவில்லை. மின்சூளை எடுத்துக்கொண்டு மீண்டும் பாலத்தடிக்குப் புறப்பட்டான். நானும் பின்னே ஏறிக்கொண்டேன்.